தெருவை மாற்றுகிறார்கள்: யாருடைய எதிர்ப்பு 'எதிர்ப்பு' ஆகிறது?

சென்னையில் ஒரு கடைவீதியைத் திருத்தி அமைக்கப் போகிறோம், நடைபாதையை அகலமாக்கப் போகிறோம் என்று மாநகராட்சி அறிவித்தால் போதும், சில நாட்களில் 'பொதுமக்கள், வியாபாரிகள் எதிர்ப்பு' என்று செய்தி வந்துவிடும். உள்ளே போய்ப் படித்தால் விஷயம் ஒன்றுதான் இருக்கும். கார் நிறுத்த இடம் போய்விடும், கார் நிற்காவிட்டால் கடைக்கு ஆள் வராது. அதிகாரிகள் உடனே கூட்டம் போடுவார்கள். வரைபடத்தைத் திருத்துவார்கள், பல்லடுக்கு வாகன நிறுத்தகம் கட்டித் தருவோம் என்பார்கள்.

அதே தெருவில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, செருப்புத் தைக்கும் அண்ணன், இஸ்திரி வண்டிக்காரர், தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்கா ஆகியோரும் அந்தத் திட்டத்தை எதிர்க்கிறார்கள். ஆனால் அது 'எதிர்ப்பு' என்று அச்சாவதில்லை. 'ஆக்கிரமிப்பு அகற்றம்: போலீஸ் பாதுகாப்பு' என்றுதான் அச்சாகிறது. ஒரே தெரு, ஒரே திட்டம். ஒருவர் எதிர்த்தால் மக்கள் கருத்து, இன்னொருவர் எதிர்த்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்னையில் 'மெகா ஸ்ட்ரீட்ஸ்' என்ற பெயரில் பல பகுதிகளின் தெருக்களை மாற்றியமைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். மற்ற மாநகராட்சிகளிலும் 'மாதிரிச் சாலை', 'ஸ்மார்ட் ரோடு' என்று விதவிதமான பெயர்களில் வேலைகள் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கும். இப்படி வரும்போதெல்லாம் பெரிய கடைக்காரர்களின் சங்கங்கள் நம் பக்கமும் திரும்பிப் பார்க்கின்றன. "உங்கள் ஆட்களுக்கும் பாதிப்புதானே, கடையடைப்புக்கு வாருங்கள்" என்கிறார்கள். நம்மில் சிலருக்கும் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. யார் எதிர்த்தால் என்ன, திட்டம் நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். போகக்கூடாது என்பது நம் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. நாம் நடைபாதைக்கு எதிரிகள் கிடையாது. இந்த நகரத்தில் நடப்பது யார்? விடியற்காலை நாலரை மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கட்டட வேலை நடக்கும் இடத்துக்குச் சித்தாள்கள் நடக்கிறார்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறியப்பட்டவர்கள் பேருந்தைப் பிடிக்கவே கணிசமான தூரம் நடக்கிறார்கள். லாரி இடிப்பதும், இருசக்கர வாகனம் தட்டிவிட்டுப் போவதும், மூடியில்லாத மழைநீர்க் கால்வாயில் கால் போவதும் நமக்குத்தான் அதிகம். 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமான ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காட்டை இதற்கே செலவிடுவோம் என்று அதில் சொன்னார்கள். அந்த ஒரு வரியை மட்டும் உண்மையாக நிறைவேற்றியிருந்தால் அதிகம் பயன் பெற்றிருப்பது நம் மக்களாகத்தான் இருக்கும்.

அதைவிடப் பழைய கணக்கும் நமக்கு இருக்கிறது. தெருவில் நடப்பது நமக்கு இயல்பாகக் கிடைத்த உரிமை கிடையாது, கேட்டு வாங்கியது. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். எந்தப் பொதுத் தெருவிலும், சாலையிலும், பாதையிலும் யாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பதைச் சட்டசபையில் தீர்மானமாகச் சொல்ல வேண்டியிருந்தது! அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களுக்காகப் போராட்டம் தொடங்கியது. கோயிலுக்குள் போவது அப்போதைய கேள்வியே இல்லை. தெருவில் நடக்கலாமா என்பதுதான் கேள்வி. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவர் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டு, தன் காலடி பட்ட மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டு போக வேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் எழுதியிருக்கிறார். இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த திருநாள்கொண்டச்சேரியை நினைவூட்டலாம். தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத்தெரு வழியாக எடுத்துப்போக உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் அந்த வழியாக விடவில்லை. போலீசே உடலை வேறு வழியில் எடுத்துப் போனது.

ஆகவே 'எல்லோருக்கும் பொதுவான தெரு' என்று யாராவது சொன்னால் நமக்கு மகிழ்ச்சிதான். அந்த 'எல்லோரும்' யார் என்று கேட்கும் பழக்கமும் நமக்கு உண்டு.

இப்போது பாண்டி பஜாருக்கு வருவோம். தெருவை மாற்றியமைப்பதற்கு எல்லோரும் காட்டும் முன்மாதிரி அதுதான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தியாகராய நகர்தான் சென்னையின் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதி. சுமார் 40 கோடி ரூபாய் செலவில் 'நடைபாதை வளாகம்' கட்டி 2019 நவம்பரில் திறந்தார்கள். கிரானைட் தரை, பெஞ்சுகள், இரும்புத் தூண்கள், மரங்கள். வேலை தொடங்கும் முன் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வண்டி நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்று ஞாயிறு மாலையில் அங்கே போய்ப் பாருங்கள், உட்கார இடமிருக்காது. வடசென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் பத்துப் பைசா செலவில்லாமல் அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். இது நல்ல விஷயம். கடைக்குள் போகாமல், காபி வாங்காமல் உட்கார ஒரு இடம் இந்த நகரத்தில் நமக்கு எத்தனை இருக்கிறது?

ஆனால் அந்தத் தெருவின் கதை 2019இல் தொடங்கவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2013இல், அங்கே நடைபாதையில் கடை வைத்திருந்தவர்களை நீதிமன்ற வழக்குகளின் தொடர்ச்சியாக அப்புறப்படுத்தி, பக்கத்தில் கட்டிய மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். மேல்மாடி வரை யார் ஏறி வந்து வளையலும் சீப்பும் வாங்குவார்கள்? வாடிக்கையாளரே வருவதில்லை என்று அந்த வியாபாரிகள் அப்போதே புலம்பினார்கள். தெருவியாபாரம் என்பதே போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குவது. அதை மாடியில் ஏற்றிய பிறகு அது தெருவியாபாரமே கிடையாது. காலியான தெருவுக்குத்தான் பிறகு கிரானைட் வந்தது. வடிவமைப்பாளர்கள் வந்து பார்த்தபோது நடைபாதை வியாபாரிகள் பெரும்பாலும் தெருவில் இல்லை. இல்லாதவர்களுக்கு வரைபடத்தில் எப்படி இடம் இருக்கும்?

கடைக்காரர்களின் எதிர்ப்புக்குக் கிடைத்த மரியாதையையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுடைய கார் கவலையைத் தீர்க்கப் பக்கத்திலேயே பல்லடுக்கு வாகன நிறுத்தகம் எழும்பியது. காருக்கும் மாடி, மனிதருக்கும் மாடி. கார் மாடியிலிருந்து இறங்கி மாலையில் வீட்டுக்குப் போய்விடும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சாலையின் மீது கார்காரர்களுக்கு இருக்கும் உரிமை உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதற்கு டெல்லியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2008இல் அங்கே பேருந்துகளுக்கென்று தனித் தடம் போட்டார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். பேருந்தில் போகிறவர்கள் கார்களுக்கு முன்பாகப் போக ஆரம்பித்தார்கள். பொறுக்குமா? தினமும் ஊடகங்களில் கூச்சல். தடத்தைக் கார்களுக்கும் திறந்துவிடச் சொல்லி வழக்கு போட்டார்கள். காரில் போகிறவர்கள் செல்வத்தை உருவாக்குகிறவர்கள், அவர்களுடைய நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்கிற மாதிரியான வாதமெல்லாம் நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 2016இல் அந்தத் தடத்தையே அரசு இடித்துப் போட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் குறை இருக்கிறது என்று எத்தனை மேம்பாலங்களை இடித்தார்கள்?

வணிகர் சங்கங்களோடு ஒரே மேடையில் ஏறக்கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான். அவர்களுடைய எதிர்ப்பும் நம்முடைய எதிர்ப்பும் பார்ப்பதற்கு ஒன்று போல இருக்கும். ஆனால் அவர்கள் கேட்பது, இருக்கிற தெரு அப்படியே இருக்கட்டும், காருக்கான இடம் காருக்கே இருக்கட்டும் என்பது. கடை வாசலில் தெருவியாபாரி உட்காரக்கூடாது என்று புகார் கொடுப்பவர்களிலும் இதே கடைக்காரர்கள் உண்டு. பெரிய கடைகள் படியையும் பெயர்ப்பலகையையும் ஜெனரேட்டரையும் நடைபாதையில் நீட்டி வைத்திருப்பது மட்டும் ஆக்கிரமிப்புக் கணக்கில் கடைசியில்தான் வரும். நாம் கேட்பது நேர் எதிரானது. தெரு மாறட்டும், காரிடமிருந்து இடத்தை எடுக்கட்டும், எடுத்த இடத்தில் நமக்கும் பங்கு வேண்டும். அவர்களுடைய கடையடைப்பு வென்றால் பழைய தெரு மிஞ்சும். பழைய தெருவில் நாம் மாமூல் கொடுத்து, போலீஸ் ஜீப்பைக் கண்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

மறுபக்கத்திலும் நமக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களோடும் பேச வேண்டியிருக்கிறது. நடைபாதை தடையின்றி இருக்க வேண்டும் என்று கேட்கும் மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள், குழந்தையோடு நடக்கும் பெண்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் தெருக்கடையைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்க வேண்டியிருந்தால் அது அநியாயம்தான். சில இடங்களில் நம் ஆட்களும் வழியை முழுக்க அடைத்துக் கடை போடுகிறார்கள், அதை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு உரிமைகளையும் மோதவிட்டுப் பார்ப்பவர்கள் வேறு யாரோ. நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. தடையில்லாமல் நடக்க அது கேட்பது குறைந்தது 1.8 மீட்டர் அகலம், அதாவது ஏறக்குறைய ஆறடி. கூட்டம் அதிகமானால் அதற்கேற்ப அதிகம். அந்த வழிக்கு வெளியே மரம், விளக்குக் கம்பம், இருக்கை ஆகியவற்றுக்கு என்று தனிப் பட்டையை அதே வழிகாட்டி பிரிக்கிறது. தெருவியாபாரியை அந்தப் பட்டையில் உட்கார வைக்கலாம். பாண்டி பஜார் போன்ற அகலமான நடைபாதையில் பார்வையற்றவருக்கும் வழி விடலாம், பூக்கூடைக்கும் இடம் விடலாம். இது அளவுநாடா வைத்துத் தீர்க்க வேண்டிய கணக்கு. இதைத் தீர்க்காமல் 'பாதசாரிகளா, வியாபாரிகளா' என்று விவாத மேடை போடுவதில் யாருக்கு லாபம்? இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பற்றிப் பேச்சே எழாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. இடம் மாற்றுவதாக இருந்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இயல்பாக உருவான சந்தை என்று கணக்கெடுப்பில் கண்ட இடத்தை 'விற்பனைக்குத் தடை செய்யப்பட்ட பகுதி' என்று அறிவிக்க முடியாது. எங்கே விற்கலாம் என்ற திட்டத்தை நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையோடுதான் போட வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு தெருவியாபாரிகளே தேர்ந்தெடுத்த தெருவியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு உரிய பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவியாபாரிகள் எல்லோரும் ஒரே சாதி கிடையாது, ஒரே நிலையிலும் இல்லை. பெரிய தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கும், சாக்கு விரித்து ஒரு ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் இடையில் தூரம் இருக்கிறது. தெருவியாபாரிகள் சங்கத்தின் கூட்டத்தில் பேசுவது யார் என்று பார்த்தாலே அந்தத் தூரம் தெரிந்துவிடும். குழுவுக்குத் தேர்தல் வந்தால் நம் ஆட்கள் நிற்க வேண்டும். அருந்ததியர் பெண் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், 'செருப்புத் தைப்பவருக்கு எங்கே இடம்' என்ற கேள்வி வரைபடத்தில் கல் பதிக்கும் முன்பே வரும். இல்லாவிட்டால் பிறகு நாம் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சட்டம் இருந்தும் எப்படி மீறுகிறார்கள் என்பதைக் கடற்கரையில் பார்த்தோம். மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை போகும் லூப் சாலை, நொச்சிக்குப்பத்து மீனவர்கள் படகு நிறுத்திய, வலை காயவைத்த மண்ணின் மேல் போட்ட சாலை. சாலை வந்தபோதே அங்கே மீன் விற்பனையும் இருந்தது. 2023 ஏப்ரலில் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி உடனே இயந்திரங்களோடு போய்க் கடைகளை அகற்றியது. மீனவர்கள் மீனைச் சாலையில் கொட்டினார்கள், படகை நடுவில் இழுத்துப் போட்டார்கள், சாலையையே மூடினார்கள். சாலைக்குப் பிறகு நாங்கள் வந்தோமா, எங்களுக்குப் பிறகு சாலை வந்ததா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பிறகுதான் அரசு இறங்கி வந்தது. சுமார் 15 கோடி ரூபாயில், 366 கடைகளோடு மீன் அங்காடி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இதை வெற்றி என்று முழுதாகச் சொல்ல மாட்டோம், சாலை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சம் குப்பத்து வாசலிலேயே இடம் கிடைத்தது, பெரும்பாக்கத்தில் கிடைக்கவில்லை.

மீனவர்கள் தலித்துகள் கிடையாது. அவர்களுக்கும் நமக்கும் இடையில் எல்லா இடத்திலும் உறவு சுமுகமாக இருக்கிறது என்று நடிக்கவும் வேண்டாம். ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர்கள் ஒரே இடத்தில் குடியிருந்தார்கள், ஒரே இடத்தில் விற்றார்கள், ஒரே குரலில் பேசினார்கள். நம் ஆட்கள் விற்கும் இடம் தியாகராய நகர், குடியிருப்பது கண்ணகி நகர். தெருவில் இடித்தால் குடியிருப்பு திரண்டு வராது, குடியிருப்பை இடித்தால் தெரு திரண்டு வராது. நகரத்தின் நடுவிலிருந்து நம்மைப் பெயர்த்து எடுத்ததில் இந்த வசதியும் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கூவம் கரையிலிருந்து சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது வீடு மட்டும் போகவில்லை. காலையில் எழுந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த அத்தனை தெருக்களும் போயின.

பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது 1985இல். வாழ்வாதாரம் இல்லாமல் உயிர்வாழும் உரிமைக்குப் பொருளில்லை என்று உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அதில்தான். சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு, பிற்காலத்து நீதிபதி, தொடர்ந்த வழக்கிலும் அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. நடைபாதையில் ஏன் மனிதர்கள் வந்து உட்காருகிறார்கள் என்றால், வேலை அங்கே இருக்கிறது, வீடு அங்கே இல்லை. நாற்பது ஆண்டுகள் ஆகியும் தெரு வடிவமைப்பாளர்களின் மேசைக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இதில் நம்மை அதிகம் கொதிக்க வைத்தது 2025 ஆகஸ்டில் நடந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், பெரும்பாலோர் பெண்கள். பதிமூன்று நாள். எங்கே உட்கார்ந்தார்கள்? நடைபாதையில். வழக்கு போனது. நடைபாதையை மறித்து, அனுமதியில்லாத இடத்தில் போராட உரிமையில்லை, அகற்றுங்கள் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. 13ஆம் தேதி நள்ளிரவில் இழுத்துப் போய் வண்டிகளில் ஏற்றினார்கள். அந்த நடைபாதையை அன்றாடம் விடியுமுன் பெருக்குவது யார்? பெருக்கும்போது அது அவர்களுடைய இடம். உட்கார்ந்தால் மட்டும் பொதுமக்களுடைய இடம். பூனாவில் இடுப்பில் தொங்கிய துடைப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

தெரு வடிவமைப்பு வரைபடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணினியில் வரைந்த, எப்போதும் வெயில் அடிக்காத தெரு. கையில் பையோடு ஒரு பெண், சைக்கிளில் ஒரு பையன், நாயோடு ஒருவர். அவர்கள் நிற்கும் தரை ஒரு சருகுகூட இல்லாமல் பளபளக்கும். அதைப் பெருக்கியவர் படத்தில் இருக்க மாட்டார். அவர் துடைப்பத்தையும் சீருடையையும் வைக்க ஓர் அறை, கால் நீட்டிச் சோறு தின்ன ஒரு நிழல், பெண் தொழிலாளிக்கு ஒரு கழிப்பறை இதெல்லாம் எத்தனை வரைபடத்தில் இருக்கிறது? இருசக்கர வாகனம் ஏறாமலிருக்க நெருக்கி நடும் இரும்புத் தூண்களுக்கு நடுவே குப்பை வண்டி நுழையுமா, இஸ்திரி வண்டி நுழையுமா என்று யாராவது கேட்டார்களா? சின்ன விஷயம்தான். ஆனால் ஒருவரை 'போ' என்று சொல்லாமலே போகவைக்க இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரானைட் நடைபாதையை ஏன் எப்போதும் கடைவீதிகளிலும் காசுள்ள குடியிருப்புகளிலும் தொடங்குகிறார்கள்? புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் குழந்தைகள் பள்ளிக்கு நடக்கும் தெருக்களில் தொடங்கினால் எதிர்ப்பே வராதே. கார் நிறுத்த இடம் கேட்டுக் கடையடைப்பு நடக்காது. நடக்கிறவர்கள் அங்கேதான் அதிகம். மழைக்குத் தண்ணீர் நிற்பதும் அங்கேதான். எதிர்ப்பில்லாத இடத்தில் வேலை தொடங்குவதில் இவர்களுக்கு என்ன கஷ்டம்?

ஆகவே அடுத்த முறை உங்கள் வார்டில் தெருத் திருத்தம் என்று பேச்சு வந்தால், ஏரியா சபையிலோ கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ போய் உட்காருங்கள். கூட்டம் எப்போது, எங்கே என்று கேளுங்கள். காலை பதினோரு மணிக்கு ஓட்டல் அரங்கில் வைத்தால், வியாபாரம் நடக்கும் நேரத்தில் யார் வருவார்கள் என்று கேட்டு, இரவு எட்டு மணிக்குத் தெருவிலேயே வைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைத் தமிழில் கேளுங்கள். கல் பதிக்கும் முன் அந்தத் தெருவில் யார் யார் உட்கார்ந்து பிழைக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பைக் கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் வரைபடத்தில் எத்தனையாவது எண் என்று கேளுங்கள். செருப்புத் தைப்பவர் பெயர் அதில் இல்லையென்றால் அதை எழுத்தில் எதிர்த்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். நகர விற்பனைக் குழுவின் பரிந்துரை எங்கே என்று கேளுங்கள். இந்தத் தெரு எங்களுக்கும் வேண்டும், அகலமாகவே வேண்டும், ஆனால் நாங்கள் இல்லாத வரைபடத்துக்கு எங்கள் ஒப்புதல் இல்லை என்று கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வணிகர் சங்கத்தார் கடையடைப்புக்குக் கூப்பிட வந்தால், அவர்கள் கடை வாசலில் உட்காரும் பூக்கார அம்மாவுக்கு அவர்களுடைய கோரிக்கை மனுவில் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள்.